பார்க்கருக்கு அஞ்சலி ஆல்பம்: 5 சாக்ஸ், 8 டிராக், 2 நாள் ஸ்டுடியோ. எதிலிருந்து தொடங்குவது?

ஐந்துசாக்ஸ் எழுதியது:

வணக்கம். ஜாஸ் ஆல்டோ சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கருக்கு அஞ்சலியாக ஒரு ஆல்பம் ரெக்கார்ட் செய்யப் போகிறோம். 2 ஆல்டோ, 2 டெனர், 1 பாரிடோன் என ஐந்து சாக்ஸஃபோன், கூடவே பியானோ, பேஸ், டிரம்ஸ். ஸ்டுடியோ கிடைத்திருப்பது 2 நாள். 8 டிராக், மொத்தம் 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

அவருடைய சோலோக்களை சூப்பர்சாக்ஸ் என்ற குழுவின் பாணியில் ஐந்து குரலாகப் பிரித்து வாசிப்பதுதான் முதல் எண்ணம். எட்டு டிராக்கும் அதே மாதிரி போனால் கேட்பவருக்கு அலுத்துவிடும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இப்போதைக்குக் கையில் இருக்கும் பட்டியல்: நவ்ஸ் த டைம், பில்லீஸ் பவுன்ஸ், ஆ ப்ரிவாவ், ப்ளூஸ் ஃபார் ஆலிஸ், கன்ஃபர்மேஷன், ஸ்க்ராப்பிள் ஃப்ரம் தி ஆப்பிள், பார்க்கர்ஸ் மூட், கோ-கோ.

கேட்க நினைப்பவை: பட்டியல் சரியா? ஐந்து குரல் எழுதும்போது எங்கே சறுக்கும்? எல்லோரும் ஒரே அறையில் வாசிப்பதா, தனித்தனி பூத்தா? லீட் ஆல்டோ வாசிப்பவர் பார்க்கர் டோனுக்காகப் பழைய கிங் ஹார்னும் பழைய மவுத்பீஸும் தேடிக்கொண்டிருக்கிறார், அது தேவையா?

---

பழையதட்டு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தேவையில்லை. 1953 மே 15 அன்று டொராண்டோ மாஸி ஹாலில் பார்க்கர் வாசித்தது கிராஃப்டன் என்ற வெள்ளை பிளாஸ்டிக் ஆல்டோ. அதற்கு முன்னும் பின்னும் அவர் கையில் வேறு வேறு ஹார்ன், வேறு வேறு மவுத்பீஸ். எதில் ஊதினாலும் நாலு சுரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் ஆல்டோக்காரர் 2 மாதமாவது பழகிய செட்டப்போடு ஸ்டுடியோவுக்குப் போவதுதான் பாதுகாப்பு. புது மவுத்பீஸில் மேல் ஸ்தாயி சுருதி எங்கே நிற்கும் என்பது விரலுக்கும் உதட்டுக்கும் தெரியாது. ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்த இடத்தில்தான் மானம் போகும்.

அடுத்து பட்டியல். அதைச் சாவி (கீ, பாட்டின் ஆதார சுருதி) வாரியாக எழுதிப் பாருங்கள். நவ்ஸ் த டைம், பில்லீஸ் பவுன்ஸ், ஆ ப்ரிவாவ், ப்ளூஸ் ஃபார் ஆலிஸ், கன்ஃபர்மேஷன், ஸ்க்ராப்பிள், இந்த ஆறும் எஃப். மீதி இரண்டும் பி ஃப்ளாட். ஆறில் நாலு 12 பார் ப்ளூஸ். அலுப்பு என்று உங்கள் குழு பயப்படுவதற்கு ஐந்து குரல் காரணமாக இருக்காது, இந்தப் பட்டியலே போதும். சாவியை மாற்றி வாசித்துச் சரிக்கட்ட நினைக்காதீர்கள். பார்க்கரின் வரிகள் ஆல்டோவின் விரலமைப்பிலேயே பிறந்தவை. அரை ஸ்வரம் தள்ளினாலும் சில திருப்பங்கள் கைக்கு முரண்டு பிடிக்கும், வேகமும் போய்விடும்.

பாட்டை மாற்றுங்கள். எஃப் ப்ளூஸில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சி-யில் செரில் அல்லது ரிலாக்ஸின் அட் கமாரியோ. சி-யிலேயே யார்ட்பர்ட் ஸ்வீட். ஏ ஃப்ளாட்டில் டோனா லீ. ஜி-யில் ஆர்னித்தாலஜி. ஈ ஃப்ளாட்டில் மை லிட்டில் ஸ்வேட் ஷூஸ், அதில் தாளமும் மாறுவதால் காதுக்கு ஓய்வு. கன்ஃபர்மேஷன் இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்? சோலோவையா, பாட்டையா, முறையையா? பட்டியல், நோட்டு எழுதுவது, மிக் வைப்பது எல்லாம் அந்த முடிவைப் பொறுத்துத்தான் மாறும். இதே வேலையைச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் போயிருக்கிறார்கள்.

சூப்பர்சாக்ஸ், 1972-இல் மெட் ஃப்ளோரியும் பட்டி கிளார்க்கும் தொடங்கியது. எடுத்தது சோலோவை. முதல் ஆல்பம் 1973-இல் வந்து கிராமி வாங்கியது.

சோனி ராலின்ஸ், 1956-இல் ரெக்கார்ட் செய்த அஞ்சலியில் பார்க்கர் விரும்பி வாசித்த பாட்டுகளைச் சேர்த்து சுமார் 27 நிமிடத்துக்கு ஒரே மெட்லியாகக் கொடுத்தார். பெரும்பாலானவை பார்க்கர் எழுதியவையே அல்ல. டெனரில், தன் குரலில். டிரம்ஸில் மேக்ஸ் ரோச், பார்க்கரோடு வாசித்த அதே ஆள்.

சோனி ஸ்டிட், 1963. ஆல்டோவில் பார்க்கர் மாதிரியே வாசிக்கிறார் என்ற பேச்சிலிருந்து தப்பிக்கவே டெனருக்குப் போனவர் என்பார்கள். அவரே ஆல்டோவை எடுத்துக்கொண்டு நேராக மோதினார். ஜான் லூயிஸ் பியானோ, ஜிம் ஹால் கிட்டார், ரிச்சர்ட் டேவிஸ் பேஸ், கானி கே டிரம்ஸ். எழுதி வைத்த சோலோ எதுவும் இல்லை, மொழி மட்டும் பார்க்கருடையது.

ஜோ லோவானோ, 2011. இரண்டு டிரம்மர்களை வைத்துக்கொண்டு பாட்டுகளைப் பிரித்து மேய்ந்தார். பறக்கிற டோனா லீயை பாலட் வேகத்துக்கு இறக்கினார்.

நாலையும் ஒரு வாரம் கேளுங்கள். எட்டில் மூன்று அல்லது நான்கு டிராக்குக்கு மேல் ஐந்து குரல் சோலோ வேண்டாம் என்பது என் கட்சி.

---

நான்காம்குரல் எழுதியது:

ஐந்து குரல் எழுதும் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

அடிப்படை அமைப்பு எளிது. லீட் ஆல்டோ பார்க்கரின் வரியை அப்படியே வாசிக்கும். பாரிடோன் அதையே ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும். நடுவில் ஆல்டோ 2, டெனர் 1, டெனர் 2 நெருக்கமாக கார்டை நிரப்பும். ஆல்டோவும் பாரிடோனும் இரண்டுமே ஈ ஃப்ளாட் கருவி என்பதால் லீட் ஆல்டோவின் தாளையே நகலெடுத்து பாரிடோனுக்குக் கொடுத்துவிடலாம். ஒரு பார்ட் எழுதும் வேலை மிச்சம்.

நடுக் குரல்களுக்கு, மேஜர் கார்டை 6 கார்டாக வைத்துக்கொள்ளுங்கள். கன்சர்ட் (அதாவது பியானோவில் ஒலிக்கும்) எஃப் என்றால் எஃப், ஏ, சி, டி. மெலடி சி-யில் இருந்தால் மேலிருந்து கீழே சி, ஏ, எஃப், டி, அடியில் பாரிடோன் சி. மெலடி அந்த நாலு சுரத்தில் இல்லாமல் ஜி, பி ஃப்ளாட், டி ஃப்ளாட், ஈ என்று வந்தால் ஈ டிமினிஷ்ட் கார்டைப் போடுங்கள். அந்த நாலுமே அதற்குள் இருக்கின்றன. இப்படி 6 கார்டும் டிமினிஷ்டும் மாறி மாறி வந்தால் ஸ்கேல் மாதிரி ஓடும் வரிகள் தானாக விழுந்துவிடும். ஜி மைனர் 7-க்கு பி ஃப்ளாட் 6 போதும், சுரங்கள் ஒன்றே. சி7 ஃப்ளாட் 9-க்கு மேலே சொன்ன அதே டிமினிஷ்ட்.

பார்க்கர் அரை ஸ்வரம் கீழிருந்து ஏறி வரும் இடங்கள் நிறைய. பி-யிலிருந்து சி-க்கு வருகிறார் என்றால் அந்த பி-க்கு புதுசாக கார்டு தேட வேண்டாம். எல்லோரும் அரை ஸ்வரம் கீழிருந்து சேர்ந்து வரட்டும்: பி, ஜி ஷார்ப், ஈ, சி ஷார்ப், அடுத்த நொடி சி, ஏ, எஃப், டி. 10 இடத்தில் 9 இடத்தில் இதுதான் சரியான விடை.

இனி சறுக்கும் இடங்கள்.

முதலாவது, கீழ் ஸ்தாயி. லீட் கன்சர்ட் நடு சி-க்குக் கீழே போனால், அதாவது ஆல்டோ தாளில் ஸ்டாஃபின் 2-ஆம் இடைவெளியில் இருக்கும் ஏ-க்குக் கீழே, நெருக்கமான நாலு குரல் சேறாகிவிடும். டெனர் 2 அடியில் முனகும், பாரிடோன் உறுமும், கார்டு எதுவென்றே தெரியாது. அந்தச் சொற்றொடர் முழுவதையும் ஒற்றைக் குரலாக மாற்றிவிடுங்கள். சொற்றொடரின் நடுவில் மாற்றாதீர்கள், யாரோ வாசிக்கத் தவறிவிட்ட மாதிரி இருக்கும்.

இரண்டாவது, நடுக் குரலில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருவது. லீட் இரண்டு வேறு சுரம் வாசிக்கும்போது டெனர் 1-க்கு இரண்டுக்கும் ஒரே சுரம் விழலாம். மெதுவான பாட்டில் பரவாயில்லை. வேகம் நிமிடத்துக்கு 250 பீட்டுக்கு மேல் போனால் அவர் நாக்கால் அடித்தாக வேண்டும், மற்ற நால்வரும் ஸ்லர் செய்கிறார்கள் (நாக்கு வைக்காமல் சேர்த்து ஊதுகிறார்கள்), வரி தடுக்கிவிடும். கார்டின் வேறு சுரத்தைக் கொடுங்கள், அல்லது டெனர் 1-ஐயும் 2-ஐயும் அந்த ஒரு சுரத்துக்கு மாற்றிப் போடுங்கள்.

மூன்றாவது, கோஸ்ட் நோட். பார்க்கர் பாதி விழுங்கிவிடும் சுரங்கள். லீட் விழுங்குகிறார், மற்றவர்கள் முழுசாக ஊதுகிறார்கள் என்றால் மெலடி இல்லாத கார்டு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். ஐந்து தாளிலும் அந்தச் சுரத்துக்கு அடைப்புக்குறி போட்டு, ஐவரும் அரை நாக்கு வைக்க வேண்டும். பார்க்கர் சோலோக்கள் அச்சில் வந்த ஆம்னிபுக் என்ற தொகுப்பில் நாக்கு, ஸ்லர் குறிகள் மிகக் குறைவு. ஒலிப்பதிவைக் கேட்டு நீங்களேதான் குறிக்க வேண்டும். பொதுவாக ஆஃப்பீட்டில் நாக்கு, அங்கிருந்து அடுத்த பீட்டுக்கு ஸ்லர். அழுத்தம் வரியின் உச்சி சுரத்தில்.

நான்காவது, இரட்டை வேக ஓட்டங்கள். பார்க்கர்ஸ் மூடில் வருகிற மாதிரி சரசரவென்று கொட்டும் இடங்களை ஐந்து குரலாக்க வேண்டாம். லீட் மட்டும் வாசிக்க, மற்றவர்கள் ஒரு நீளக் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

ஒத்திகையில் ஐவரையும் முதல் நாளே சேர்க்காதீர்கள். லீட் ஆல்டோவும் பாரிடோனும் முதலில், ஸ்தாயி இடைவெளி சுத்தமாகும் வரை. பிறகு ஆல்டோ 2-உம் டெனர் 1-உம். கடைசியில் டெனர் 2. மெட்ரோனோம் 160, 200, 240, 280 என்று ஏற்றுங்கள். 200-இல் ஸ்விங் கொஞ்சம் சாய்ந்திருக்கும், 280-இல் எய்த் நோட்டுகள் (அரை பீட் சுரங்கள்) ஏறக்குறைய சமமாகிவிடும். மெதுவாகப் பழகிய சாய்வை மேலே கொண்டுபோனால் நொண்டும்.

பியானோ பற்றி ஒரு வார்த்தை. ஐந்து சாக்ஸும் முழுக் கார்டு வாசிக்கும்போது பியானோவும் முழுக் கார்டு போட்டால் இரண்டும் மோதும். அந்த கோரஸில் (பாட்டின் கார்டு வரிசை ஒரு சுற்று) இடது கையில் 2 சுரம் போதும், இல்லையென்றால் சும்மா இருக்கட்டும்.

---

ரிப்பன்மிக் எழுதியது:

ஒரே அறைதான். காரணம் கணக்கில் இருக்கு. கோ-கோ வேகம் 300-ஐ ஒட்டி. நிமிஷத்துக்கு 600 எய்த் நோட், ஒவ்வொன்றும் 100 மில்லி செகண்ட். ஒலி 1 மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட். 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 15 மில்லி செகண்ட் தாமதமா கேட்கும். அது ஒரு நோட்டில் ஏழில் ஒரு பங்கு. அதனால ஐவரும் நெருக்கமா, ஒரு வளைவா, ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியுற மாதிரி உட்காரணும். லீட் நடுவில், பாரிடோன் அவர் பக்கத்தில். வழக்கமான பிக் பேண்ட் வரிசையில் பாரிடோன் ஓரத்துக்குப் போயிடும், ஆனா இங்கே அவர்தான் லீடோட நிழல். பேஸ் ஆம்ப்பை பூத்தில் போடுங்க. டிரம்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கண்ணில் படணும்.

மிக்: ஆளுக்கு ஒண்ணு, ரிப்பன் இருந்தா ரிப்பன், இல்லேன்னா பெரிய டயஃப்ரம் கண்டென்சர். 40 சென்டிமீட்டர் தூரம். பெல்லுக்குள்ளே பார்க்கிற மாதிரி வைக்காதீங்க. கடைசிக் கீழ் சுரங்கள்தான் பெல் வழியா வரும், மற்றதெல்லாம் வழியில் இருக்கிற துளைகள்லேருந்து வரும். பெல்லுக்கு நேரா வைச்சா கீழ் பி ஃப்ளாட் குண்டு போடும், மேலே எல்லாம் மெலிஞ்சிடும். பெல் விளிம்புக்கும் இடது கை விசைகளுக்கும் நடுவில் குறி வைங்க.

மிக்குக்கும் மிக்குக்கும் இடைவெளி, ஹார்னிலிருந்து மிக் இருக்கிற தூரத்தைப் போல 3 மடங்கு. 40 சென்டிமீட்டர்னா 1.2 மீட்டர். அதைவிட நெருங்கினா பக்கத்து ஹார்ன் ரெண்டு மிக்கிலும் விழுந்து டோன் குழாய்க்குள்ளே போன மாதிரி ஆயிடும். ரிப்பன் எட்டு வடிவம்கிறதால பின்பக்கமும் கேட்கும்; பின்னாடி டிரம்ஸோ சுவரோ இல்லாம பார்த்துக்கங்க.

இதோட வளைவுக்கு முன்னாடி 1.5 முதல் 2 மீட்டரில் ஒரு ஸ்டீரியோ ஜோடி, 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம். சரியா ஒத்திகை பார்த்த குழுன்னா மிக்ஸில் முக்கால் பங்கு இந்த ஜோடியிலிருந்தே வந்துடும். ஆளுக்கு ஒண்ணா வெச்ச மிக் எல்லாம் உள்குரலைக் கொஞ்சம் தூக்கிவிட மட்டும். ஜோடியில் டெனர் 2 கேட்கலைன்னா ஃபேடரைத் தொடாதீங்க, அவரை அரை அடி முன்னாடி நகரச் சொல்லுங்க.

24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாம. சாக்ஸ் செக்‌ஷன் டேக்கில் ஒத்திகையைவிட எப்பவும் சத்தமா வாசிக்கும்.

ஒரே அறையோட விலை என்னன்னும் தெரிஞ்சுக்கங்க. டெனர் 2 ஒரு சுரம் தப்பினா அது ஆறேழு மிக்கிலும் இருக்கும். அவரை மட்டும் தனியா திருப்பி வாசிக்க வெச்சு ஒட்ட முடியாது. ஐவரும் சேர்ந்து அந்த 8 பாரைத் திரும்ப வாசிக்கணும். அதுக்கு டேக்குக்கு டேக் வேகம் 2-க்கு மேல மாறக் கூடாது. க்ளிக்கை, அதாவது மெட்ரோனோம் சத்தத்தை, 2 பார் கவுண்ட்டுக்கு மட்டும் போட்டு அணைச்சிடுங்க. முழுசா க்ளிக்கோட வாசிச்சா பேஸும் டிரம்ஸும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கிறதை விட்டுட்டு க்ளிக்கைக் கேட்க ஆரம்பிச்சிடுவாங்க. ஒட்டுற இடம் எல்லோரும் மூச்சு எடுக்கிற இடமா இருக்கணும். நோட்டு எழுதும்போதே அந்த இடங்களைக் குறிச்சு எனக்கு, அதாவது உங்க இன்ஜினியருக்கு, ஒரு நகல் கொடுங்க.

சுருதி: அறை 1 டிகிரி சூடானா காற்றுக் குழாயோட சுருதி சுமார் 3 சென்ட் (1 சென்ட்னா அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். ஊதுறவர் மூச்சே ஹார்னைச் சூடாக்கிறதால முழுசா அவ்வளவு ஏறாது, ஆனா பியானோ ஏறவே ஏறாது. காலையில் குளிர்ந்த அறையில் எடுத்த டேக்கோட மதியம் எடுத்ததை ஒட்டினா தையல் தெரியும். ஒரே பாட்டை ஒரே அமர்வில் முடிங்க.

கோ-கோவை முதலிலும் வைக்காதீங்க, கடைசியிலும் வைக்காதீங்க. நடுவேக ப்ளூஸ் ஒண்ணு முடிச்சதும் ரெண்டாவதா. நாலு டேக்குக்குள்ளே வரலைன்னா அன்னைக்கு வராது. உதடு தளர்ந்தா மேல் ஸ்தாயி முதலில் இறங்கும், லீட் இறங்கினா ஐவரும் போயாச்சு.

---

வேறுடேக் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. 1947 அக்டோபர் 28 அன்று டயல் ஒலிப்பதிவு நிறுவனத்துக்காக எம்ப்ரேஸபிள் யூ இரண்டு டேக் எடுத்தார் பார்க்கர். ஒரே நாள், ஒரே குழு, ஒரே பாட்டு. இரண்டு சோலோவும் இரண்டு வேறு உலகம். முதல் டேக்கில் ஒரு சின்ன மோட்டிஃபை எடுத்துத் திருப்பித் திருப்பிக் கட்டுகிறார், இரண்டாவதில் அது இல்லவே இல்லை. தான் வாசித்ததையே அடுத்த டேக்கில் வாசிக்காத மனிதருக்கு, அவர் வாசித்ததை ஐந்து பேர் எழுதி வைத்து வாசிப்பது எந்த வகையில் அஞ்சலி?

எழுதிய சோலோ டிராக்குக்கு ஒரு கோரஸ் போதும். அடுத்த கோரஸில் யாராவது ஒருவர் எழுந்து தன்னுடையதை வாசிக்கட்டும். அந்த ஆள் பார்க்கரின் வரிகளை மனப்பாடமாகக் கொட்டினால் டேக்கை நிறுத்துங்கள்.

---

நான்காம்குரல் எழுதியது:

@வேறுடேக் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஐந்து குரலாக எழுதிப் பார்க்கும்போது அந்த சோலோவின் இசைவு அமைப்பு வெளியே தெரிகிறது, அது தனி ஆல்டோவில் காதில் விழாத ஒன்று. அதற்காகவே செய்யலாம். ஆனால் ஒரு கோரஸ் எழுதியது, பிறகு சொந்தம், கடைசியில் ஹெட் (பாட்டின் மூல மெலடி) என்ற வடிவம் நல்ல யோசனை. கோ-கோவுக்கு இது இன்னும் வசதி. 64 பார் கோரஸ், 300 வேகத்தில் 51 வினாடி. பார்க்கர் வாசித்தது 2 கோரஸ். முதலாவதை எழுதி வாசியுங்கள், இரண்டாவதை ஆல்டோ 2 சொந்தமாக எடுக்கட்டும். லீட் ஆல்டோவின் உதடும் தப்பிக்கும்.

---

ஐந்துசாக்ஸ் எழுதியது:

நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. பட்டியல் இப்போது: பில்லீஸ் பவுன்ஸ், யார்ட்பர்ட் ஸ்வீட், கோ-கோ, டோனா லீ, கன்ஃபர்மேஷன், மை லிட்டில் ஸ்வேட் ஷூஸ், ஆர்னித்தாலஜி, பார்க்கர்ஸ் மூட். ஐந்து குரல் சோலோ 3 டிராக்கில் மட்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம். சில ஒலிப்பதிவுகளில் சுருதி இரண்டு சாவிக்கு நடுவில் நிற்கிறது, அதை எப்படி எழுதுவது? உரிமம் யாரிடம் எதற்கு வாங்க வேண்டும்? அமெரிக்காவிலும் வெளியிட எண்ணம்.

---

பழையதட்டு எழுதியது:

சுருதி: பழைய 78 சுழற்சித் தட்டுகளிலும், வீட்டுக் கருவியில் பதிந்த நேரடி நிகழ்ச்சிகளிலும் வேகம் தப்பியிருப்பது சகஜம். முதலில் பியானோவையோ பேஸையோ கேளுங்கள், ஆல்டோவை அல்ல. பியானோவின் நீண்ட கார்டு ஒன்றை எடுத்து, மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே நகர்த்தி ஏ 440-க்குக் கொண்டுவாருங்கள். தட்டின் வேகம் தப்பியதால் வந்த பிழை என்பதால் இரண்டும் சேர்ந்துதான் நகர வேண்டும். சுருதியை மட்டும் மாற்றினால் மெட்ரோனோம் எண் தப்பாகிவிடும். சரியான சாவியா என்று சந்தேகம் வந்தால் வரியின் அடிமட்டச் சுரத்தைப் பாருங்கள். ஆல்டோவின் கீழ் பி ஃப்ளாட்டுக்கு, கன்சர்ட்டில் டி ஃப்ளாட்டுக்கு, கீழே ஏதாவது சுரம் வந்தால் சாவி தப்பு, அந்த ஹார்னில் அது இல்லவே இல்லை. இதெல்லாம் முடிந்த பிறகு 50 சதவீத வேகத்துக்கு இறக்கி எழுதுங்கள்.

உரிமம்: அமெரிக்காவில், ஏற்கெனவே வெளிவந்த பாட்டை மறுபடி ரெக்கார்ட் செய்து தட்டாக விற்க மெக்கானிக்கல் லைசன்ஸ். சட்டத்தில் இருக்கும் கட்டாய உரிமம் இது, வெளியீட்டாளர் மறுக்க முடியாது. 2025-க்கான விகிதம் பாட்டு ஒன்றுக்குப் பிரதிக்கு 12.7 சென்ட், 5 நிமிடத்தைத் தாண்டினால் அதற்குப் பதில் முழு நீளத்துக்கும் நிமிடத்துக்கு 2.45 சென்ட், மீதி வினாடிகளை முழு நிமிடமாகக் கணக்கிட வேண்டும். 8 டிராக்கும் 5 நிமிடத்துக்குள் என்றால் 500 பிரதிக்கு 508 டாலர். ஒவ்வொரு ஆண்டும் விகிதம் மாறும் என்பதால் வெளியிடும் ஆண்டின் எண்ணைப் பாருங்கள். 45 நிமிடத்தில் 8 டிராக் என்றால் சராசரி 5 நிமிடத்தைத் தாண்டுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். 4 நிமிடம் 58 வினாடிக்கும் 5 நிமிடம் 2 வினாடிக்கும் நடுவில் 2 சென்ட் வித்தியாசம்.

இந்த உரிமம் உங்கள் பாணிக்கு ஏற்ப அரேஞ்ச் செய்ய அனுமதிக்கும், பாட்டின் அடிப்படை மெலடியையும் குணத்தையும் மாற்ற அனுமதிக்காது. ஐந்து குரல் அரேஞ்ச்மென்ட் மேல் தனி உரிமை கோர வேண்டுமென்றால் வெளியீட்டாளரின் ஒப்புதல் தனியாக வேண்டும். வேறொருவர் எழுதி அச்சில் விற்கும் ஐந்து குரல் தாளை வாசித்தால் அவருடைய பெயரைப் போட்டாக வேண்டும், அனுமதியும் கேளுங்கள்.

படைப்பாளி இறந்து 70 ஆண்டு என்ற கணக்கு உள்ள நாடுகளில் நிலைமை வேறு. பார்க்கர் இறந்தது 1955 மார்ச் 12. அவர் தனியாக எழுதியவை அங்கே 2026 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆகிவிட்டன. தனியாக என்பதைக் கவனியுங்கள். ஆர்னித்தாலஜியில் பென்னி ஹாரிஸ் பெயரும் இருக்கிறது, டோனா லீயை எழுதியது தான்தான் என்று டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டுக்கும் உரிமம் வாங்கிவிடுவது நிம்மதி.

கோ-கோ, செரோக்கி என்ற வேறு பாட்டின் கார்டுகள் மேல் கட்டியது. கார்டு வரிசைக்கு யாரும் பணம் கேட்பதில்லை, மெலடிக்குக் கேட்பார்கள். 1945 நவம்பர் 26 அன்று முதல் முயற்சியில் செரோக்கி மெலடியைத் தொடங்கி உடனே நிறுத்தியது ஒலிப்பதிவிலேயே கேட்கும். ஆகவே உங்கள் சொந்த கோரஸில் ஆல்டோ 2 உற்சாகத்தில் செரோக்கியை நாலு பார் மேற்கோள் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டைப் படத்துக்கு வில்லியம் காட்லீப் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, 2010 பிப்ரவரி 16 முதல் பதிப்புரிமை கிடையாது. த்ரீ டியூசஸ் கிளப்பில் பார்க்கரும் இளம் மைல்ஸும் நிற்கும் 1947 படம் அதில்தான். பதிப்புரிமை இல்லாவிட்டாலும் ஒருவரின் முகத்தை விற்பனைப் பொருளில் போடும் உரிமை தனி விஷயம், அதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

---

ரிப்பன்மிக் எழுதியது:

புதுப் பட்டியலைப் பார்த்து ஒண்ணு சொல்றேன். முதல் நாள்: பில்லீஸ் பவுன்ஸ், கோ-கோ, சாப்பாடு, யார்ட்பர்ட் ஸ்வீட், பார்க்கர்ஸ் மூட். ரெண்டாம் நாள்: ஸ்வேட் ஷூஸ், டோனா லீ, சாப்பாடு, கன்ஃபர்மேஷன், ஆர்னித்தாலஜி. முதல் நாள் காலையில் 2 மணி நேரம் மிக் வைக்கவும் உட்காரும் இடம் பார்க்கவும் ஒதுக்குங்க. தரையில் டேப் ஒட்டி நாற்காலிக்கும் மிக் ஸ்டாண்டுக்கும் குறி போட்டுட்டா ரெண்டாம் நாள் அந்த வேலை கால் மணி நேரம்தான்.

---

ஐந்துசாக்ஸ் எழுதியது:

பார்க்கர்ஸ் மூட் சாப்பாட்டுக்கு அப்புறமா? அது அவ்வளவு மெதுவானது, தூக்கம் வராதா?

---

ரிப்பன்மிக் எழுதியது:

அதுக்குத்தான் நடுவில் யார்ட்பர்ட் ஸ்வீட். மூட் கடைசியில் வர்றதுக்குக் காரணம் வேற: அதில் ஐந்து குரல் கிடையாது, ஒரு ஆல்டோவும் பின்னாடி நீளக் கார்டும்தான். நாலு பேருக்கு உதடு தளர்ந்திருந்தாலும் தாங்கும். லீட் மட்டும் யார்ட்பர்டில் சோலோ எடுக்காம உட்கார்ந்திருக்கட்டும்.